அம்மம்மாவை எப்படிக் கதைக்க வைப்பது என்று கேட்ட பிள்ளைக்கு

நீங்கள் எழுதியதை நான் விளங்கிக்கொண்ட விதத்தில் முதலில் திருப்பிச் சொல்கிறேன், பிழை இருந்தால் திருத்துங்கள். யாழ்ப்பாணத்தில் உயர்தரம் படிக்கிறீர்கள். பதின்ம வயதுப் பிள்ளைகள் தங்கள் அம்மம்மா அப்பப்பாவின் பழைய துயரங்களைக் கண்டுபிடிக்கும் ஒரு குடும்பப் படத்தைப் பார்த்திருக்கிறீர்கள். அதே மாதிரி உங்கள் வீட்டுக் கதையைக் குறும்படமாக்கிப் போட்டிக்கு அனுப்ப இரண்டு சிநேகிதிகளோடு முடிவெடுத்தீர்கள். போனை மேசையில் நிறுத்திவைத்து, 1996இல் காணாமல் போன மாமாவைப் பற்றி அம்மம்மாவிடம் "மாமா எப்படிச் செத்தவர்?" என்று கேட்டீர்கள். அவர் ஒன்றும் பேசாமல் எழும்பிக் குசினிக்குள் போய்விட்டார். இரவு சாப்பிடவில்லை. அம்மா உங்களை ஏசினார். அவரை எப்படிக் கதைக்க வைப்பது, மனம் விட்டுக் கதைத்தால் அவருக்கும் ஆறுதல்தானே என்று கேட்கிறீர்கள். இந்த இரண்டுக்கும் அடியில், அவரை நோகடித்துவிட்டேனோ என்ற பயமும் இருப்பதாக எனக்குப் படுகிறது. அதையே முதலில் எடுக்கிறேன்.

நான் யாழ்ப்பாணத்தில் நெடுங்காலம் உளவளத்துணையாளராக வேலை செய்தவர்களில் ஒருவர். மனநல வைத்தியர் அல்ல. படம் எடுக்கத் தெரியாது, பார்க்க மட்டும் தெரியும். உங்கள் அம்மம்மாவை நான் கண்டதுமில்லை. ஆகவே இங்கே சொல்வதை உங்கள் வீட்டுக்கு எது பொருந்துகிறது என்று பார்த்து எடுங்கள்.

அவருக்கு நொந்திருக்கும், அதை மறைத்துப் பயனில்லை. ஆனால் முப்பது வருசமாக அந்தத் துயரத்தோடு விடிய எழும்பி, சமைத்து, பேரப்பிள்ளைகளையும் வளர்த்த மனுசி ஒரு கேள்வியால் உடைந்துபோக மாட்டார். ஒரு நேரச் சாப்பாட்டை விட்டதை வைத்து அவருக்குப் பெரிய தீங்கு செய்துவிட்டதாக நினைக்க வேண்டாம். அதேநேரம், ஏன் அந்தக் கேள்வி அப்படிப் போய்த் தாக்கியது என்பதை நீங்கள் அறிய வேண்டும். 1996இன் நடுப்பகுதியில் இருந்து குடாநாட்டில் சுற்றிவளைப்பிலும் சோதனைச் சாவடியிலும் இராணுவத்தால் பிடித்துக்கொண்டு போகப்பட்டு நூற்றுக்கணக்கானவர்கள் திரும்பி வரவில்லை. அவர்களின் தாய்மாருக்கு எவரும் உடலைக் கொடுக்கவில்லை. உடல் இல்லாமல் செத்தவீடு இல்லை, எட்டுச் செலவு இல்லை, அந்தியேட்டி இல்லை. மகன் செத்துவிட்டான் என்று ஒரு தாய் ஒப்புக்கொள்வது, அவனைத் தானே கைவிடுவதாகவும் அவருக்குத் தோன்றலாம். நீங்கள் "எப்படி" என்று கேட்டீர்கள். அந்தக் கேள்வி, அவர் முப்பது வருசமாக ஒப்புக்கொள்ளாத ஒன்றை முடிந்த விசயமாக எடுத்துக்கொண்டது.

அமெரிக்க உளவியலாளர் போலின் பொஸ் 1970களில் வியட்நாம் போரில் காணாமல் போன விமானிகளின் குடும்பங்களோடு வேலை செய்து, இப்படி முடிவில்லாமல் நிற்கும் இழப்பு சாதாரணத் துக்கத்தின் வழியில் போவதில்லை என்று காட்டினார். சாவு நடந்த வீட்டில் துக்கம் மெல்ல மெல்ல இறங்கும். இங்கே அது இறங்குவதற்கு ஒரு நாளே குறிக்கப்படவில்லை. இந்த வீடுகளில் ஒரே ஆள் காலையில் "அவன் இல்லை" என்பார், பின்னேரம் வாசலில் சைக்கிள் சத்தம் கேட்டால் எட்டிப் பார்ப்பார். இரண்டும் உண்மை. அவருக்கு மூளை பிசகிவிட்டதென்று எவரும் சொன்னால் நம்பாதீர்கள். இதற்கு மேல், 2025இல் செம்மணியில் சித்துப்பாத்தி மயானத்து மனிதப் புதைகுழியைத் தோண்டியபோது சின்னப்பிள்ளையின் எலும்புகளோடு புத்தகப்பையும் வெளியே வந்ததைப் பத்திரிகைகளில் எல்லாரும் பார்த்தோம். எடுத்த பொருட்களை அடையாளம் காட்டச் சொல்லிச் சனத்துக்குக் காட்சிக்கும் வைத்தார்கள். அந்தச் செய்தி ஓடிய வீட்டில் உங்கள் கேள்வி எந்த நாளில் விழுந்தது என்பதும் ஒரு விசயம்.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. மனம் விட்டுக் கதைத்தால் ஆறும் என்பது படங்கள் நமக்குப் பழக்கிவிட்ட நம்பிக்கை. அந்தப் படங்களில் பேத்தி பழைய பெட்டியைத் திறக்கிறாள், கடிதம் கிடைக்கிறது, மழை பெய்கிறது, கிழவி எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லி முடிக்கிறார், கட்டிப்பிடித்து அழுகிறார்கள், அடுத்த காட்சியில் எல்லாரும் சேர்ந்திருந்து சாப்பிடுகிறார்கள். இரண்டு மணித்தியாலத்துக்குள் கதையை முடிக்க வேண்டியவருக்கு அது தேவை, குறை சொல்லவில்லை. வீட்டில் அப்படி நடப்பது அபூர்வம். இதில் ஆராய்ச்சி உறுதியாகச் சொல்வது ஒன்று உண்டு: அதிர்ச்சி அடைந்தவரை ஒரே இருப்பில் இருத்தி நடந்ததை எல்லாம் சொல்ல வைப்பது பயன் தருவதாகத் தெரியவில்லை, சிலருக்கு நிலைமையை மோசமாக்கியும் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் அந்த முறையைப் பரிந்துரைப்பதில்லை. பயிற்சி பெற்றவர் செய்தாலே இப்படியென்றால், போனை நிறுத்திவைத்துப் பேத்தி செய்வதைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை.

அதற்காகக் கதைப்பதே கூடாது என்றும் இல்லை. பாதுகாப்பான இடத்தில், தெரிந்த ஆளோடு, பல இருப்புகளில், விரும்பிய இடத்தில் நிறுத்தலாம் என்ற உறுதியோடு சொன்னால் பலருக்குப் பயன் கிடைக்கிறது. சிலியில் சித்திரவதைக்கு உள்ளானவர்களிடம் தொடங்கிய சாட்சிய முறையும், பிறகு வந்த கதைசொல்லி ஆற்றும் முறையும் இந்த அடித்தளத்தில்தான் நிற்கின்றன. நம்முடைய பக்கத்திலேயே ஒரு ஆய்வு நடந்தது. 2004 சுனாமிக்குப் பிறகு வடகிழக்கில் போரையும் கடலையும் கண்ட 31 பிள்ளைகளை இரண்டு குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழு நடந்ததைப் படிப்படியாகக் கதையாகச் சொன்னது. மற்றக் குழு அதைப் பற்றிக் கதைக்காமல் தியானமும் தளர்வுப் பயிற்சியும் செய்தது. இரண்டு குழுவும் நல்லாகத் தேறின, பெரிய வித்தியாசம் தெரியவில்லை. 31 பேர் என்பது சின்னத் தொகை, அதை வைத்துச் சட்டம் எழுத ஏலாது. ஆனால் கதைப்பதுதான் ஒரே வழி என்ற எண்ணத்தை அது கொஞ்சம் அசைக்கிறது. உங்கள் அம்மம்மா வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போவதும், ஒரு மரத்துக்குத் தினமும் தண்ணி விடுவதும் அவருடைய வழியாக இருக்கலாம்.

சந்தேகமானவற்றையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் யூடியூப்பில் இவை உறுதியானவை போல ஓடுகின்றன. அம்மம்மாவின் துயரம் மரபணு வழியாக உங்களுக்குள் வந்திருக்கிறது என்று ஒரு பேச்சு. அதற்கு அடிக்கடி காட்டப்படும் ஆய்வு, நாசிகளின் யூத இனப்படுகொலையில் தப்பியவர்களில் 32 பேரையும் அவர்களுடைய பிள்ளைகளில் 22 பேரையும் மட்டும் வைத்துச் செய்தது. அதில் ஒரு தடயம் கிடைத்தது, அவ்வளவுதான். இன்னொரு பக்கம், தப்பியவர்களின் பிள்ளைகளைப் பற்றிய பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2003ஆம் ஆண்டு மதிப்பீடு, சிகிச்சைக்கு வராத சாதாரணக் குடும்பங்களில் பிள்ளைகளுக்கு அப்படிப்பட்ட பாதிப்பு கடந்துபோனதற்குச் சான்று காணவில்லை. நிச்சயமாகக் கடந்து போவது வீட்டுப் பழக்கங்கள்: ஆறு மணிக்கு மேல் வெளியே போகாதே, அடையாள அட்டையை எடுத்தாயா, சத்தம் போடாதே, போன் எடுக்காவிட்டால் பதட்டம். யாழ்ப்பாணத்தில் வேலை செய்த மனநல வைத்தியர் பேராசிரியர் தயா சோமசுந்தரம் எழுதியதும் இந்தத் திசையில்தான். போர் ஆளை மட்டும் தாக்கவில்லை, குடும்பமும் ஊரும் இயங்கும் முறையையே மாற்றியது என்று அவர் காட்டினார்.

மற்றது, குடும்பக் கதை தெரிந்த பிள்ளைகள் மனத்திடத்தோடு இருக்கிறார்கள் என்ற கருத்து. அமெரிக்காவில் எமரி பல்கலைக்கழகத்தில் மார்ஷல் டியூக், ரொபின் ஃபிவுஷ் இருவரும் இருபது கேள்விகள் வைத்துப் பார்த்தார்கள். அம்மாவும் அப்பாவும் எங்கே சந்தித்தார்கள், பாட்டன் பாட்டி எங்கே வளர்ந்தார்கள் என்ற மாதிரிக் கேள்விகள். விடை கூடத் தெரிந்த பிள்ளைகளின் தன்மதிப்பும் கூடவே இருந்தது. நல்ல செய்திதான், ஆனால் கதை தெரிந்ததால் திடம் வந்ததா, கதைத்துப் பழகுகிற நல்ல வீடு இரண்டையும் தந்ததா என்பதை அந்தப் பட்டியல் சொல்லாது. அதில் கவனிக்க வேண்டியது, கேள்விகளில் பெரும்பாலானவை துயரத்தைப் பற்றியவையே அல்ல.

இப்போது உங்கள் கடிதத்தில் எனக்கு உறுத்திய இடத்துக்கு வருகிறேன். அம்மம்மா இருக்கிறார், நீங்கள் இருக்கிறீர்கள், அம்மா ஒரே ஒரு வசனத்தில் வந்து ஏசிவிட்டுப் போய்விடுகிறார். நீங்கள் பார்த்த படத்திலும் பெற்றோர் அப்படித்தான் இருந்திருப்பார்கள், கார் ஓட்டுவதற்கும் கோபப்படுவதற்கும். ஆனால் கணக்குப் பார்ப்போம். உயர்தரம் படிக்கிற பிள்ளையின் தாய்க்கு இன்று ஏறக்குறைய நாற்பத்தைந்துக்கும் ஐம்பதுக்கும் நடுவில் வயது இருக்கும். 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி பின்னேரம் யாழ்ப்பாணத்தை விட்டு வெளிக்கிடச் சொல்லி ஒலிபெருக்கியில் அறிவித்தபோது, மழைக்குள் நாவற்குழிப் பாலத்தை நோக்கிச் சனம் அடிமேல் அடி வைத்து நகர்ந்தபோது, உங்கள் அம்மாவுக்குக் கிட்டத்தட்ட உங்கள் வயது. உரப்பைக்குள் பாடப் புத்தகத்தை வைப்பதா உடுப்பை வைப்பதா என்று யோசித்தவர் அவர். அடுத்த வருசம் காணாமல் போனது அவருடைய கூடப்பிறந்தவர். உங்கள் கதையில் பதின்ம வயதுப் பெண் ஒருவர் ஏற்கெனவே இருந்திருக்கிறார்.

நான் கேட்ட பல கதைகளில், மகனின் படத்தோடு முகாம் வாசலிலும் கச்சேரி என்கிற அரச செயலகத்திலும் செஞ்சிலுவைச் சங்க அலுவலகத்திலும் நின்ற தாய்மாருக்குத் துணையாகப் போனது வீட்டிலிருந்த மகள்தான். மனு எழுதியதும் மகள்தான், அவளுக்குத்தான் எழுத்து வடிவு. அதற்குப் பிறகு இரண்டு பேருக்கும் இடையில் ஒரு ஒப்பந்தம் உருவாகிவிடுகிறது, எவரும் வாய்விட்டுச் சொல்லாமலே. தாய் அழுவார் என்று மகள் கேட்பதில்லை, மகள் அழுவாள் என்று தாய் சொல்வதில்லை. இஸ்ரேலிய உளவியலாளர் டான் பார்-ஓன் இதை இரட்டைச் சுவர் என்று எழுதினார். பெற்றோர் ஒரு சுவர் கட்டுகிறார்கள், பிள்ளைகள் எதிரே இன்னொன்று. ஒரு பக்கத்தில் யன்னல் திறந்தால் எதிரே தெரிவது மற்றவரின் சுவர். உங்கள் அம்மா ஏசியதை நான் அப்படித்தான் வாசிக்கிறேன். முப்பது வருசமாக அம்மம்மாவுக்குக் காவல் இருந்தவர், காவலை மீறி நீங்கள் உள்ளே போனதும் பயந்துவிட்டார். பேரப்பிள்ளைகளுக்கு அந்தச் சுவரில் பங்கு இல்லாதபடியால் அவர்களிடம் சில முதியவர்கள் தாங்களாகவே வாய் திறப்பார்கள், இதைப் பலமுறை கண்டிருக்கிறேன். ஆனால் அது அம்மாவைச் சுற்றிக்கொண்டு போகிற குறுக்கு வழியாக மாறினால் வீட்டில் சண்டைதான் மிஞ்சும்.

ஆகவே முதலில் அம்மாவிடம் போங்கள். மாமாவைப் பற்றிக் கேட்க அல்ல. அவர் உங்கள் வயதில் எப்படி இருந்தார் என்று கேளுங்கள். 1990க்குப் பிறகு மின்சாரம் இல்லாமல் எப்படிப் படித்தார்கள், ஜாம் போத்தல் விளக்கு எப்படிச் செய்வது, சைக்கிளைக் கவிழ்த்து வைத்து டைனமோவைச் சுற்றி ரேடியோவில் பாட்டும் செய்தியும் கேட்டது உண்மையா, சவுக்காரம் இல்லாத நாளில் எதைப் போட்டுத் தோய்த்தார்கள், பெற்றோல் இல்லாமல் மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் எப்படி ஓடியது. எங்களுடைய சனம் பொருளாதாரத் தடைக் காலத்தைச் சிரித்துக்கொண்டுதான் சொல்லும். தங்கள் கெட்டித்தனத்தை நினைத்து வரும் பெருமை அது, அதைச் சொல்ல எவருக்கும் கூச்சம் இல்லை. அப்படிக் கதை ஓடும்போது மாமா தானாக உள்ளே வருவார். டைனமோவைச் சுற்றியவர் அவராக இருக்கலாம். சாவில் இருந்து தொடங்காமல் சைக்கிளில் இருந்து தொடங்கினால், முப்பது வருசமாக அலுமாரிப் படத்துக்குள் இருந்தவருக்கு ஒரு குணமும் குரலும் கிடைக்கும். உங்கள் படத்துக்கும் அதுதான் வேண்டும். அவர் எப்படிப் போனார் என்பது மட்டும் தெரிந்தால் உங்களிடம் இருப்பது ஒரு மனு.

அம்மம்மாவிடம் பிறகு போகலாம், போன் இல்லாமல். கை வேலையாக இருக்கிற நேரம் நல்லது, முருங்கைக் கீரை உருவும்போது, புளி கோது உடைக்கும்போது. முகத்துக்கு நேரே முகம் வைத்து இருந்தால் அது விசாரணை மாதிரி ஆகிவிடும், அந்தத் தலைமுறை விசாரணைகளை நிறையக் கண்டது. அன்றைக்குக் கேட்டதற்காக நீண்ட மன்னிப்பு வேண்டாம். "அம்மம்மா, அண்டைக்கு அப்பிடிக் கேட்டிருக்கக் கூடாது. நீங்க சொல்ல விரும்பினா நான் கேட்பன், விரும்பாட்டியும் பரவாயில்லை" என்ற அளவு போதும். பிறகு அவர் எதைச் சொன்னாலும் அதற்குப் பின்னால் போங்கள். ஒரே கதையை ஏழு தரம் சொன்னால் ஏழு தரமும் கேளுங்கள், ஒவ்வொரு தரமும் ஒரு சின்ன விசயம் கூடவோ குறையவோ இருக்கும். திகதி பிழைத்தால் திருத்தாதீர்கள். 1987 இந்திய இராணுவக் காலமும் 1995 ஓட்டமும் 2000ஆம் ஆண்டு சாவகச்சேரி அழிவும் சில முதியவர்களின் வாயில் ஒன்றாகக் கலந்து வரும். குறும்படத்துக்குத் திகதி வேண்டுமென்றால் நூல்நிலையத்தில் பழைய பத்திரிகை இருக்கிறது.

இன்னொன்றுக்கும் ஆயத்தமாக இருங்கள். மௌனம் எல்லாம் துயரத்தால் வந்தது அல்ல. சிலது பயம், சிலது வெட்கம். 1995இல் நடக்க ஏலாத தாயை வீட்டில் விட்டுவிட்டு வந்தவர்கள் இருக்கிறார்கள். 1990 ஒக்ரோபரில் யாழ்ப்பாணத்து முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் இயக்கம் இரண்டு மணித்தியால அவகாசத்தில் வெளியேற்றியபோது கதவடியில் நின்று பார்த்தவர்கள் இருக்கிறார்கள். 1986இல் தமிழ்ப் போராளி இயக்கங்கள் ஒன்றையொன்று சுட்டபோது ஒரே வீட்டில் இரண்டு பக்கம் நின்ற அண்ணன் தம்பிமார் இருந்தார்கள். இடம்பெயர்ந்த இடத்தில் ஒரு சாதியாருக்குக் கிணற்றடியை மறித்த கதையும் உண்டு. பாட்டன் பாட்டியர் எப்போதும் பாதிக்கப்பட்டவர்களாக மட்டும் வருகிற படங்கள் எனக்கு அலுத்துவிட்டன. உங்கள் காதில் அப்படி ஒன்று விழுந்தால் அன்றைக்கு நீங்கள் பேத்தி மட்டும், இயக்குநர் அல்ல. தீர்ப்புச் சொல்ல அவசரப்பட வேண்டாம், சிநேகிதிகளிடமும் போய்ச் சொல்ல வேண்டாம்.

பதிவு பற்றிச் சுருக்கமாக. ஒளித்துப் பதியாதீர்கள். சம்மதம் கேட்டுப் பதிந்தாலும், வெட்டி ஒட்டிய பிறகு அவருக்குப் போட்டுக் காட்டி இன்னொரு தரம் கேளுங்கள், வேண்டாம் என்றால் அழித்துவிடுங்கள். அழுகிற முகத்தை எடுக்காதீர்கள். மாமாவின் விடயம் காணாமல் போனோர் அலுவலகத்திலோ நீதிமன்றத்திலோ மனுவாக இருந்தால், வெளியே என்ன சொல்லலாம் என்பதை அம்மாவிடமும் சட்டத்தரணியிடமும் கேட்டு முடிவெடுங்கள். நீங்கள் எடுப்பது ஆவணப்படம் இல்லை என்பது உங்களுக்கு வசதி. பெயரை, ஊரை, உறவு முறையை மாற்றிவிடலாம், அம்மம்மாவின் இடத்தில் வேறொருவரை நடிக்க வைக்கலாம்.

இரண்டு கிழமைக்கு மேல் அவர் சரியாகச் சாப்பிடாமல் உறங்காமல் இருந்தாலோ, இருந்து என்ன பயன் என்ற மாதிரிக் கதைத்தாலோ, பழைய காலத்தில் நிற்பது போல இரவில் வெளிக்கிட்டு ஓடப் பார்த்தாலோ காத்திருக்க வேண்டாம். கடைசியில் சொன்னது முதுமை மறதியின் தொடக்கமாகவும் இருக்கலாம். யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையிலும் தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையிலும் மனநலப் பிரிவு உண்டு. தொலைபேசியில் கதைக்க 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கம் இருக்கிறது. அது உங்களுக்கும்தான். சோதனைக்குப் படித்துக்கொண்டு இதையும் சுமக்கிறீர்கள், கேட்ட கதை இரவில் கனவாக வந்தால் யாரிடமாவது சொல்லுங்கள்.

போட்டித் திகதி இதற்குள் வந்துவிட்டால் அம்மம்மாவின் கதையை அனுப்பாதீர்கள். அம்மாவிடம் கேட்ட ஜாம் போத்தல் விளக்கை வைத்தே பத்து நிமிடப் படம் ஒன்று எடுக்கலாம், உங்கள் வயதில் அதன் முன் இருந்து படித்த பெண்ணாக உங்கள் சிநேகிதிகளில் ஒருத்தி நடிக்கட்டும். அம்மா சம்மதித்தால் திரைக்கதையை முதலில் அவரிடம் வாசித்துக் காட்டுங்கள். பிழை பிடிப்பார், அதில் இன்னும் நிறையக் கதை வரும்.